உட்காரத் தெரிந்த பூனை

"இந்தத் தடவையோட கர்ப்பப்பையை எடுத்துடலாம் மேடம். இனிமே இது குட்டி போடக் கூடாது."

சொல்லிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்று பெரிய டாக்டர் எனக்குப் போட்ட ஒரே நிபந்தனை இதைச் சொல்லக் கூடாது என்பதுதான். "பூனை வளத்து விக்கிறவங்ககிட்ட நீ என்ன வேணா பேசு. தடுப்பூசி போடலன்னா திட்டு, சாப்பாட்டை மாத்தச் சொல்லு. கர்ப்பப்பையை எடுக்கலாம்னு மட்டும் வாயைத் தொறந்துடாதேம்மா. கடையை இழுத்து மூடுன்னு சொல்ற மாதிரி அது." அன்று தலையாட்டினேன். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குத் தலையாட்டுவதும் பாடத்திட்டத்திலேயே உண்டு.

மேஜைமேல் சொப்பு கிடந்தது. மூன்று வயதுப் பூனை. பார்த்தால் இன்னும் பால்குடி மறக்காத குட்டி மாதிரி இருக்கும். வயிறு மட்டும் வேறு எந்தப் பூனையிடமோ இரவல் வாங்கி ஒட்டியது போல. கால்கள் என் சுண்டுவிரல் நீளம்தான். காதுகள் நிற்காமல் மண்டையோடு மடிந்து கிடக்கும். அதனால் முகம் உருண்டையாக, எந்நேரமும் எதையோ பார்த்து ஆச்சரியப்படுவது போல இருக்கும். அந்த முகத்துக்குத்தான் ஊர் உலகமே உருகுகிறது. வாலுக்குக் கீழே பச்சையாக ஒழுகித் துண்டு நனைந்திருந்தது. அறை முழுக்க அழுகல் வாடை. காலையிலிருந்து முக்குகிறது, ஒரு குட்டியும் வெளியே வரவில்லை.

எதிரே நின்ற அம்மாளை எங்கள் மருத்துவமனையில் முதுகுக்குப் பின்னால் கப் மேடம் என்போம். விற்கிற குட்டியை எல்லாம் காபிக் கோப்பைக்குள் உட்காரவைத்துப் படம் எடுத்துப் போடுவார். ஆரம்பத்தில் அந்தக் கோப்பை, பாத்திரக்கடை வாசலில் காட்சிக்கு வைத்திருந்த பெரிய கோப்பையாம். படத்தில் பக்கத்தில் வேறு பொருள் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் குட்டி வாங்க வந்த பெண் ஒருத்தி கைப்பையிலிருந்து தன் வீட்டுக் கோப்பையை எடுத்து நீட்டி, "இதுல உக்கார வெச்சுக் காட்டுங்க" என்று நின்றுவிட்டாள். அதிலிருந்து கோப்பை நிஜமாகவே சின்னதாகிவிட்டது. குட்டியும் அதற்குள் அடங்க வேண்டுமே? பாலைக் குறைத்தார்கள். இதை எனக்குச் சொன்னது கப் மேடமேதான். ஜோக்காகச் சொன்னார். பெரிய டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இப்போதும் மேடம் சிரித்தார். "ஏம்மா, காய்க்கிற மரத்தை வெட்டச் சொல்றியே, உனக்கு யாரு பட்டம் குடுத்தா?"

"அது மரம் இல்ல மேடம். மூணாவது தடவையா வயித்தைக் கிழிக்கப் போறோம். இடுப்பெலும்பு ஒடுக்கம், குட்டிக்குத் தலை பெருசு. தானா பெத்துக்க இதால எப்பவுமே முடியாது."

"தலை பெருசா? வாய்ப்பே இல்ல. இந்த மாசம் பூரா சாப்பாட்டைப் பாதியாக்கிட்டேன். குட்டி வயித்துக்குள்ளேயே பெருத்துடக் கூடாதுல்ல?"

சொப்புவின் விலாவில் கை வைத்தேன். எலும்பு எலும்பாக எண்ணலாம் போலிருந்தது. குட்டிகளுக்குக் குறையவில்லை, தாயின் உடம்பிலிருந்து உருவிக்கொண்டுவிட்டன. சாப்பாட்டைக் குறைத்தால் தாய்தான் கரையும் என்று பள்ளிக்கூடம் போகாத என் அம்மாவுக்குக்கூடத் தெரியும். இந்த அம்மாள் பட்டு உறை போட்ட கூடையில் கொண்டுவந்திருக்கிறார்.

எக்ஸ்ரே எடுத்தோம். வயிற்றுக்காகத்தான் எடுத்தோம். பூனை பொடிசு என்பதால் கால்களும் படத்தில் விழுந்துவிட்டன. திரையில் பார்த்ததும் குட்டிகளை மறந்துவிட்டேன். பின்னங்கால் கணுக்காலில் தனித்தனியாக இருக்க வேண்டிய சின்ன எலும்புகள் ஒன்றாக உருகிக் கட்டியாகியிருந்தன. மெழுகுவர்த்தி அடியில் வழிந்து உறையுமே, அப்படி. முன்னங்கால் முட்டியில் எலும்பும் எலும்பும் நேராக உரசின. நடுவே மெத்தை மாதிரி இருக்க வேண்டிய குருத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. காது மடிவது அழகு அல்ல. குருத்தெலும்புக் கோளாறு. காதில் கண்ணுக்குத் தெரிகிறது, மற்ற இடங்களில் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதன்மேல் குட்டைக்கால் வேறு. ஒரு நோயின் தலையில் இன்னொரு நோயைக் கட்டி, ரிப்பன் சுற்றி விற்கிறார்கள்.

"இது நடக்குமா மேடம்?"

"நடக்கிறதெல்லாம் கம்மி. ஆனா உக்காரும்! நீ பாத்ததே இல்லையா?" போனை நீட்டினார்.

பார்த்திருக்கிறேன். பார்க்காதவர்கள் யார்? சொப்பு சோபாவில் முதுகைச் சாய்த்து, பின்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, முன்னங்கால்களைத் தொப்பைமேல் வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற அதிகாரி டிவி பார்ப்பது போல உட்கார்ந்திருக்கும் வீடியோ. என் தங்கை போனில் முகப்புப் படமே அதுதான். முந்தின வாரம்கூட அனுப்பியிருந்தாள்: "அக்கா, இது உன் ஆஸ்பத்திரிக்கு வர்ற பூனைதானே? மேடம்கிட்ட சொல்லி ஒரு குட்டி வாங்கித் தாயேன், ப்ளீஸ்டி." எங்கள் வீட்டில் மூன்று பேர் கால் நீட்டிப் படுக்க இடம் கிடையாது.

"எல்லாக் குட்டிக்கும் இது வராது, தெரியுமா?" மேடத்தின் குரலில் தொழில் தெரிந்தவரின் பெருமிதம். "ஒவ்வொரு தடவையும் கவனிச்சுக்கிட்டே இருப்பேன். எது சீக்கிரமா உக்காருதோ, அதை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை வித்துடுவேன். இவளோட அம்மா ஒரு வயசுக்கு மேலதான் உக்காந்தா. இவ அதுக்கு முன்னாடியே. இவ பையன் ஒருத்தன் இருக்கானே குண்டூசி, அவன் பல்லு முளைச்சு முடியறதுக்குள்ள உக்காந்துட்டான்! ரத்தத்துல வருதும்மா. எத்தனை வருஷ உழைப்பு."

திரையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், மறுபடி திரையைப் பார்த்தேன்.

"மேடம், அது கத்துக்கிட்டு உக்காரல. நாலு காலையும் தரையில ஊன முடியல. வலி. காலுக்குப் பாரம் போகாம இருக்க அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அப்படி உக்கார்றது. எது சீக்கிரம் உக்காருதோ அதுக்குத்தான் வலி சீக்கிரம் ஆரம்பிச்சிருக்கு. நீங்க இத்தனை வருஷமாப் பொறுக்கிப் பொறுக்கி வெச்சுக்கிட்டது எல்லாம் ரொம்ப வலிக்கிற குட்டியை."

"வலிச்சா கத்தாதா?"

"பூனை கத்தாது. வலியை வெளிய காட்டாது."

"அப்ப உனக்கு மட்டும் எப்படிக் காட்டிச்சாம்?" என்று கேட்டுவிட்டு நர்ஸக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நர்ஸக்கா சிரிக்கவில்லை. இருபது வருஷமாக இங்கே இருப்பவர், யார் பக்கமும் சாயமாட்டார். துண்டை மாற்றிக்கொண்டே கேட்டார்: "இந்தத் தடவை ஆம்பளை யாரு மேடம்?"

"குண்டூசிதான்."

"குண்டூசி இவ புள்ளைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"ஆமா. வெளிய சேத்தா காலு நீண்டுடுது."

நர்ஸக்கா விரல் விட்டு எண்ணினார். "அப்ப உள்ள இருக்கிறது இவளுக்குப் புள்ளையா, பேரனா?"

"எதுவா இருந்தா என்ன? பாட்டி சொத்துல பங்கா கேக்கப் போவுது?"

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் சொப்பு நடுங்கியது. முக்கல் வந்துவிட்டுப் போயிருக்கலாம். என் கண்ணுக்கு நடுங்கியது போலத்தான் பட்டது. அதற்குள் பெரிய டாக்டர் வந்துவிட்டார்.

"என்ன மேடம், எங்க டாக்டரம்மா என்ன சொல்றாங்க?"

"கர்ப்பப்பையை எடுக்கணுமாம். என்னைக் கொலைகாரிங்கறாங்க."

"புதுசு மேடம். படிச்ச சூடு இன்னும் ஆறல." அவரிடம் சொல்லிவிட்டு என்னைத் தோளைத் தொட்டு மருந்து அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

அலமாரிக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே ஒருவர் நிற்கத்தான் இடம். இருவர் நின்றோம்.

"எக்ஸ்ரே பாத்தீங்களா சார்?"

"பாக்க வேணாம். இந்தப் பூனையோட அம்மாவுக்கும் நான்தான் எக்ஸ்ரே எடுத்தேன். இதே கதை."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"நான் வேணாம்னா அடுத்த தெருவுல எவனாவது செய்வான். மயக்கத்தை ஒழுங்காக் குடுக்கத் தெரியாம கொன்னுடுவான். இங்கேன்னா உயிரோட திரும்பிப் போவுது. அவ்வளவுதான் நம்மால முடியும்."

"உயிரோட திரும்பிப் போய்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அடிபட்ட தெருநாய்களுக்குக் காசு வாங்கமாட்டார். என் அம்மா தெரு முனையில் துணி தேய்ப்பவர் என்று தெரிந்த பிறகும் என்னை ஒரு நாளும் ஒருமாதிரியாகப் பார்த்ததில்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. அயோக்கியன் செய்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

"குட்டிய எடு, தையலைப் போடு, அனுப்பு. கர்ப்பப்பையைத் தொடாதே. அடுத்த வருஷம் அவளுக்கு இதே பூனை வேணும். புரியுதா? உங்க வீட்டுல எல்லாரும் உன்னை நம்பித்தானே இருக்காங்க?"

புரிந்தது. என் தலை தானாகவே ஆடியது.

ஆபரேஷன் அறைக்குள் போகும்போது மேடம் நர்ஸக்காவின் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். உள்ளே தங்க விளிம்பு போட்ட கோப்பை. "குட்டி வந்ததும் தொடைச்சு இதுக்குள்ள வெச்சு ஒரு போட்டோ எடுத்துடுக்கா. ஈரத்தோட இருந்தா இன்னும் சின்னதாத் தெரியும்." தாய் பிழைக்குமா என்று அவர் கேட்கவில்லை. நானும் காத்திருந்து பார்த்தேன். கேட்கவே இல்லை.

மயக்கம் கொடுத்தோம். அந்த உடம்புக்கு மருந்து அளப்பதே கத்திமேல் நடப்பது. ஒரு துளி கூடினால் மூச்சு நின்றுவிடும். பழைய தழும்பின்மேலேயே கத்தி வைத்தேன். பெரிய டாக்டர் எதிரே நின்றார். வயிற்றுக்குள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் பிரித்துப் பிரித்துக் கர்ப்பப்பையை வெட்டுக்கு மேலே கொண்டுவந்து கீறினோம்.

முதல் குட்டி இடுப்பெலும்பில் தலை மாட்டி, எப்போதோ செத்து ஊறிப்போயிருந்தது. தொட்டதும் தோல் கையோடு வந்தது. அதுதான் அந்தப் பச்சை. அதுதான் அந்த நாற்றம். நர்ஸக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினார். இரண்டாவதற்கு உயிர் இருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் மேல்வாய் நடுவில் பிளந்து மூக்குவரை ஓட்டை. பால் குடித்தால் மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போகும். மூன்றாவது குட்டி நர்ஸக்கா துண்டால் நாலு தேய் தேய்த்ததும் "ஙீ" என்று கத்தி அவர் கையை உதைத்தது. நல்ல உதை. கால்கள் நீளமாக, ஒழுங்காக, பூனைக்கு இருக்க வேண்டிய மாதிரி இருந்தன. பையனோடு சேர்த்தும் இயற்கை எங்கேயோ சந்து கண்டுபிடித்துத் தப்பித்துவிட்டிருந்தது.

பெரிய டாக்டர் கதவை ஒருக்களித்துத் திறந்து தலையை நீட்டினார். "ரெண்டு உயிரோட இருக்கு மேடம்."

"எது சின்னது?"

"ஒண்ணுக்கு வாயில பிரச்சினை. இன்னொண்ணு நல்லா இருக்கு, ஆனா நீளக்கால்."

"ச்சே!" உள்ளே எங்களுக்கு நன்றாகக் கேட்டது. "நீளக்காலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அது தெருப்பூனை டாக்டர். அந்த வாய்க்குட்டியாவது ஒரு வாரம் தாங்குமா? போட்டோவுக்கு?"

பெரிய டாக்டர் திரும்பி வந்து, "நீ தைச்சு முடி. நான் போய் ரெண்டு வார்த்தை பேசிச் சமாதானப்படுத்தறேன், இல்லேன்னா இங்கயே ஒப்பாரி வைப்பா" என்று கையுறையைக் கழற்றிக்கொண்டு போனார். கதவு மூடுவதற்கு முன் வெளியே மேடத்தின் குரல் திடீரென்று தேனாக மாறியது கேட்டது: "ஹாய் செல்லங்களா! நேரலைக்கு வந்துட்டேன். நம்ம சொப்பு மறுபடியும் அம்மாவாயிட்டா..."

கர்ப்பப்பை என் உள்ளங்கையில் இருந்தது. வெதுவெதுப்பாக, வழுக்கிக்கொண்டு. பழைய தையல்கள் இருந்த இடத்தில் நனைந்த காகிதம் மாதிரி மெலிந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. தைக்க முடியாத நிலை இல்லை. பொறுமையாகத் தைத்தால் தைக்கலாம். அடுத்த வருஷம் இன்னொரு தடவை தாங்கலாம், தாங்காமலும் போகலாம். தாங்கினால் குண்டூசியின் குட்டிகள் குண்டூசியைவிடச் சீக்கிரமாக உட்காரும்.

நர்ஸக்கா ஊசியும் நூலும் நீட்டினார். நான் ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"டாக்டரு, யோசிச்சுத்தான் கேக்குறியா?"

"வெளிய சொன்னேன். முடியாதுன்னுட்டாங்க. கேக்காம செய்யறது தப்புன்னு எனக்குத் தெரியும்கா."

"தெரிஞ்சா சரி." இரண்டு கவ்விகளையும் தட்டில் வைத்தார். "எனக்குத் தெரியாது. நான் குட்டியைத் தொடைச்சுக்கிட்டு இருக்கேன்."

ரத்தக்குழாய்களைக் கட்டினேன். இரண்டு பக்கமும் முடிச்சு இறுகியதை இழுத்துப் பார்த்தேன். வெட்டினேன். வயிற்றை மூடினேன். நர்ஸக்கா நீளக்காலனைச் சொப்புவின் மடியில் வைத்தார். மயக்கத்தில் கிடந்த தாயைக் குட்டி பாட்டுக்கு முட்டி முட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டது.

பெரிய டாக்டர் உள்ளே வந்து தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன காரியம் பண்ணே?"

"எடுத்துட்டேன் சார். பால் சுரக்கும், குட்டிக்குப் பிரச்சினை இல்ல."

"யாரைக் கேட்டு?"

நான் சொப்புவைப் பார்த்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அந்தச் சின்ன அறையில் இப்படியும் அப்படியும் நடந்தார். பிறகு நின்றார். முகம் தெளிந்துவிட்டது. இத்தனை வருஷமாக எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்த முகம்.

"சரி, விடு. கர்ப்பப்பை கிழிஞ்சு போயிருந்துச்சு. ரத்தம் நிக்கல. உயிரைக் காப்பாத்த வேற வழியில்ல. நான் சொல்லிக்கறேன், நான் சொன்னா நம்புவா. நீ இங்கயே இரு. உன் வேலையும் போகாது, பட்டமும் போகாது. என்னம்மா?"

அது எனக்குச் செய்கிற நல்லதுதான். அவர் குரலில் கபடம் இல்லை. நான் அதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன், நினைக்கவில்லை என்றால் பொய். கிழிந்துவிட்டது என்று சொன்னால் மேடம் அழுவார். நேரலையில் அழுவார். ஊரே இதயம் இதயமாக அனுப்பும். வீட்டுக்குப் போய், சொப்புவின் முந்தின ஈற்றில் விற்காமல் வைத்துக்கொண்ட பெண் குட்டியைக் குண்டூசியோடு விடுவார். கெட்ட நேரம், என் ராணிக்குக் கண்ணேறு பட்டுவிட்டது என்பார். என் தங்கை ராத்திரியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த வீடியோவை என்னிடம் காட்டுவாள்.

"கிழியல சார். தைச்சிருக்கலாம். நான்தான் தைக்கல."

"அதைப் போய் அவகிட்ட சொல்லப் போறியா?"

"அது ஏன் உக்காருதுன்னும் சொல்லப் போறேன்."

"அடிப்பாவி, அவ லைவ்ல இருக்கா! பாக்குறவங்க எத்தனை பேர்னு தெரியுமா?"

"தெரியும். அதான் இப்பவே."

"உங்க அம்மாகிட்ட நான் என்ன பதில் சொல்றது?"

"எங்க அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன் சார்."

அவர் கதவுக்குக் குறுக்கே கை வைத்தார். நான் கையை நீட்டித் தள்ளவில்லை; காத்திருந்தேன். நர்ஸக்கா வாய்க்குட்டியைத் துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "போக விடுங்க டாக்டர். பூனை முழிச்சா யாராவது ஒருத்தர் பக்கத்துல இருக்கணும், நீங்க இருங்க" என்றார். அவர் கை தானாக இறங்கியது.

கையுறைகளைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டேன். கோட்டில் பச்சையும் சிவப்பும் திட்டுத்திட்டாக இருந்தது, மாற்றிக்கொள்ளவில்லை. வெளியே மேடம் போனைப் பார்த்து, "இதோ டாக்டரம்மா வர்றாங்க, அவங்க வாயாலேயே கேப்போம் செல்லங்களா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன்.